குறிப்பேட்டில் ஏறாத ஓணான்கள்

ஈர்க்கு நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்திராத பெடியள் எங்கள் ஊரில் குறைவு. வேலிக் கதியாலில் ஏறி நின்று தலையை ஆட்டும் ஆண் ஓணானின் கழுத்து சிவந்து வரும். எங்களுடைய இரத்தத்தைத் தூரத்திலிருந்தே உறிஞ்சுகிறது என்று நம்பிக் கல்லெறிவோம். அது சிவந்தது எங்களைப் பார்த்தல்ல, அடுத்த கதியாலில் நின்ற இன்னொரு ஆணைப் பார்த்துத்தான் என்பது விலங்கியல் படித்த இரண்டு வருடங்களில்தான் எனக்குத் தெரியவந்தது. அந்தப் படிப்பு 2011 இல் பாதியிலே நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. வாசிப்பவர்களில் பலருக்கு அவரவர் காரணம் இருக்கும்.

இப்போது பாரிசில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்கிறேன். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு ஓயும். ஆறரைக்குத் திரும்பவும் அடுப்படியில் நிற்க வேண்டும். அறைக்குப் போய்வர நேரம் காணாது. பதினைந்தாம் வட்டாரத்தில், 1934 இல் பயணிகள் சேவை நிறுத்தப்பட்ட பழைய சுற்றுவட்டப் புகையிரதப் பாதையின் ஒரு துண்டை நடைபாதையாகத் திறந்து விட்டிருக்கிறார்கள். வெயில் அடிக்கும் நாட்களில் அங்கே போய் இருப்பேன். அந்த மதில்களில் பிரெஞ்சுக்காரர் மதிற்பல்லி என்று சொல்லும் ஒரு சாதி உண்டு. பார்வைக்கு எங்கள் அரணைக்குக் கிட்ட வரும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கோடையில், பழைய ஆசை விடாமல், எந்தக் கல்லில் எது நிற்கிறது என்று ஓடர் எழுதும் கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். நாலைந்து நாளிலேயே எனக்குள் ஒரு வரைபடம் உருவாகிவிட்டது. இந்த வெடிப்பு இவனுடையது, அந்தத் தூண் அவனுடையது. வால் அறுந்த ஒன்று மட்டும் ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று நின்றது. அதை நான் குறிக்கவில்லை. அது என்னுடைய வரைபடத்தைக் குழப்பியது, அவ்வளவுதான் காரணம். பின்னர் இந்த விடயத்தின் வரலாற்றைத் தேடி வாசித்தபோதுதான், படித்த பெரிய மனிதர்களும் இதையே பல பத்தாண்டுகளாகச் செய்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இருப்பது தெரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

'ரெரிற்றறி' என்ற ஆங்கிலச் சொல்லை ஆள்புலம் என்று எழுதுகிறேன். புலம்பெயர்ந்தவர்கள் என்று எங்களை நாங்களே அழைத்துக்கொள்வதில் உள்ள அதே புலம். ஒரு விலங்கு உலாவித் திரியும் பரப்பு வேறு, தன் இனத்தைச் சேர்ந்த மற்றதை விரட்டிக் காக்கும் பரப்பு வேறு. இரண்டாவதுதான் ஆள்புலம். இந்த வேறுபாடு முக்கியமானது. இந்தக் கதையில் வரும் குழப்பங்களில் பாதி, முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதை எழுதியதால் வந்தது.

இந்தக் கருத்து ஓணானிலிருந்து பிறந்ததல்ல, பறவையிலிருந்து பிறந்தது. ஜேர்மனியரான அல்ற்றும் 1868 இலேயே இதைப் பற்றி எழுதியிருந்தாலும், ஆங்கில உலகில் அதைப் பரப்பியது எலியற் ஹவார்ட் 1920 இல் வெளியிட்ட பறவைகளின் ஆள்புலம் பற்றிய நூல்தான். ஹவார்ட் பல்கலைக்கழக உத்தியோகம் பார்த்தவர் அல்ல, உருக்குத் தொழிலில் இருந்தவர். தொழில் ஒன்றாகவும் நாட்டம் வேறாகவும் வாழ்ந்த அவர்மீது எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அவருடைய புத்தகத்துக்குப் பின், பறவையில் கண்டதை மீனில், ஓணானில், பாலூட்டியில் எல்லாம் தேடத் தொடங்கினார்கள். தேடினால் கிடைக்கத்தானே செய்யும்.

ஓணானில் தேடியவர்களில் முதன்மையானவர் நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நோபிள். அவரும் பிராட்லியும் 1933 இல் ஓணான்களின் இணைசேர்தல் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அதன் இலக்கு டார்வின். ஆண்களின் அழகிய நிறமும் விசிறியும் பெண்களின் தெரிவினால் உருவானவை என்பது டார்வின் சொன்னது. நோபிளும் பிராட்லியும் கூண்டுகளில் வளர்த்த ஓணான்களைப் பார்த்துவிட்டு, பெண் தெரிவு செய்வதில்லை, நிறமும் விசிறியும் மற்ற ஆணை மிரட்டத்தான் என்றார்கள். கூண்டிலே ஆண்கள் சண்டை பிடித்தன. வென்றது எல்லா இடத்துக்கும் அதிபதியானது. தோற்றது மூலையில் ஒடுங்கியது. பெண்ணுக்கு அந்த நாலு கண்ணாடிச் சுவருக்குள் வேறு எங்கே போக இடம்? போக இடமில்லாததைத் தெரிவு செய்யவில்லை என்று எழுதுவது எவ்வளவு சுலபம்!

நோபிளின் ஆய்வில் அதிகம் இடம்பெற்றது அனோல் என்னும் இனக்குழு. அமெரிக்கக் கண்டத்துக்கும் கரீபியன் தீவுகளுக்கும் உரியது. ஏறத்தாழ 400 இனங்கள். ஆணுக்குக் கழுத்தின் கீழ் மடித்து வைத்த விசிறி போல ஒரு தோல் இருக்கும். வேண்டியபோது அதை விரிக்கும். கூடவே முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுப்பதுபோல் எழும்பித் தாழும். கரீபியனுக்குப் போகாதவர்களும் இதே மாதிரியான ஒன்றை எங்கள் பக்கத்திலேயே காணலாம். பாண்டிச்சேரிப் பக்கத்து விசிறித்தொண்டை ஓணானுக்குப் பிரெஞ்சு விஞ்ஞானி கூவியே 1829 இல் அந்த ஊரின் பெயரையே வைத்தார். இரண்டும் நெருங்கிய உறவல்ல. தேவை ஒன்றாக இருந்ததால் விசிறியும் ஒன்றாகிவிட்டது.

எவன்ஸ் என்பவர் 1936 இல் பெண் அனோல்களும் ஆள்புலம் காத்துச் சண்டையிடுகின்றன என்று எழுதினார். 1938 இல் கியூபாவிலே கூண்டுக்கு வெளியே பழுப்பு அனோலைப் பார்த்த விபரங்களை வெளியிட்டார். நோபிள் 1939 இல் ஆள்புலம் என்றால் காக்கப்படும் எந்தப் பரப்பும் என்று சுருக்கமான வரைவிலக்கணம் கொடுத்தார். அடுத்த வருடமே காலமானார். அவரும் கிறீன்பேர்க்கும் சேர்ந்து செய்த வேலை 1944 இல் வெளிவந்தது. அதோடு அடித்தளம் போட்டாயிற்று. பின்னால் வந்தவர்களுக்கு அனோல் ஆள்புலம் உள்ள விலங்கா என்ற கேள்வியே இருக்கவில்லை. ஆள்புலம் எவ்வளவு பெரியது, அதற்குள் எத்தனை பெண்கள் என்பவைதான் கேள்விகள்.

இதனால் அந்தக் காலத்து வேலையெல்லாம் வீண் என்று யாரும் நினைக்கக்கூடாது. ஸ்ரான்லி ராண்ட் ஜமெய்க்காவில் பார்த்து 1967 இல் எழுதியது மிகப் பொறுமையான வேலை. ஓணான் தன்னளவு உடம்புள்ள ஓணானோடுதான் முக்கியமாகச் சண்டைக்குப் போகிறது, சின்னனைப் பெரியது பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது என்று கண்டவர் அவர். குசினியிலும் அப்படித்தான், பெரிய சமையல்காரர் கோப்பை கழுவுபவரோடு இடத்துக்காகச் சண்டை பிடிப்பதில்லை. ட்ரிவேர்சும் ஜமெய்க்காவிலேதான் வேறோர் அனோலைப் பார்த்து, பெரிய ஆண்களுக்கே அதிக இணைசேர்தல் கிடைக்கிறது என்று 1976 இல் எழுதினார். பாடப்புத்தகங்களில் ஏறியது இதன் சுருக்கம்: ஓர் ஆண் ஒரு நிலத்தைக் காக்கும், அந்த நிலத்துக்குள் வாழும் பெண்கள் எல்லாம் அதற்கே உரியவை. நிலம் எவனுடையதோ பெண்ணும் அவனுடையவள். இதை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதல்லவா?

இந்தச் சித்திரத்துக்குள் அடங்காதவை அப்போதே கண்ணில் படாமல் இல்லை. கலிபோர்னியாவில் சினெர்வோவும் லைவ்லியும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு இதிலே எனக்கு மிகவும் பிடித்தது. அது அனோல் அல்ல, விலாவில் கறுப்புப் புள்ளி உள்ள வேறொரு சிறிய ஓணான். அதன் ஆண்களில் மூன்று தொண்டை நிறங்கள் உண்டு. செம்மஞ்சள் தொண்டைக்காரன் பெரிய நிலம் பிடித்துப் பல பெண்களை வைத்திருப்பான். நீலத் தொண்டைக்காரன் சிறிய நிலத்தில் தன் துணைக்குப் பக்கத்திலேயே காவல் நிற்பான். மஞ்சள் தொண்டைக்காரனுக்கு நிலமே இல்லை. பெண்ணைப் போலத் தோற்றம் காட்டி மற்றவனின் நிலத்துக்குள் நுழைந்துவிடுவான். செம்மஞ்சள் நீலத்தை வெல்லும், நீலம் மஞ்சளைப் பிடித்துவிடும், பரந்த நிலத்தைக் கவனிக்க முடியாத செம்மஞ்சளை மஞ்சள் ஏமாற்றும். ஒன்றின் தொகை கூடும்போது அதை வெல்லக்கூடியது பெருகும். வருடங்கள் உருள இது ஒரு சுற்றாக ஓடிக்கொண்டே இருக்கிறது. நிலம் இல்லாதவன் என்பது தோற்றவன் என்பதற்கு மறுபெயர் அல்ல என்பதை எண்ணிக்கையோடு காட்டிய வேலை இது.

கலிபோர்னியாவிலேயே ஜூடி ஸ்ராம்ப்ஸ் என்ற பெண்மணி வேறொரு முனையில் இழுத்துக்கொண்டிருந்தார். கிரெனடாத் தீவில் அனோல் குஞ்சுகள் எப்படி இடம் பிடிக்கின்றன என்று பார்த்தார். காலி நிலம் இருந்தும், புதிதாக வருபவை ஏற்கெனவே தம் இனம் குடியிருக்கும் இடத்துக்கு அருகிலே போய்க் குடியேறுவதை 1988 இல் விளக்கினார். (லா சப்பலில் அறை தேடிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) பிறகு அவரும் கிருஷ்ணன் என்பவரும் சேர்ந்து தொடராகக் கட்டுரைகள் எழுதினார்கள். பெயரைக் கண்டவுடன் கொஞ்சம் நிமிர்ந்து இருந்து வாசித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் சொன்னது இது: ஆள்புலம் ஒரே சண்டையில் வென்று எடுக்கும் பரிசல்ல. எங்கே அடி விழுந்தது, எங்கே விழவில்லை என்பதை ஓணான் நினைவில் வைத்திருக்கிறது. அடி விழுந்த இடம் அதற்குப் பிடிக்காமல் போகிறது. ஆனால் தோற்றும் திரும்பத் திரும்ப வந்து நிற்பதும் ஒரு வழி. விரட்டி விரட்டிச் சலித்துப்போய், மற்றது கொஞ்ச இடத்தை விட்டுக்கொடுத்துவிடக்கூடும். எல்லைக்கோடு என்பது வலிமை மட்டும் கீறியதல்ல, களைப்பும் சேர்ந்து கீறியது.

பழைய சித்திரத்துக்கு உண்மையான அடி மரபணுவிலிருந்து வந்தது. அனோல் ஒரு தடவைக்கு ஒரு முட்டைதான் இடும், அப்படிப் பருவம் முழுவதும் இட்டுக்கொண்டிருக்கும். பெண்ணால் விந்தைச் சேமித்து வைத்திருக்கவும் முடியும். கல்ஸ்பீக்கும் கூட்டாளிகளும் பழுப்பு அனோலின் குஞ்சுகளுக்குத் தகப்பன் யார் என்று மரபணுவைக் கொண்டு தேடி 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சு பெற்ற தாய்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டவற்றின் குஞ்சுகளுக்குத் தகப்பன்மார் ஒன்றுக்கு மேல். ஒரு நிலம், ஒரு ஆண், அவனுக்குரிய பெண்கள் என்று எழுதியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஆனால் பெரிய ஆரவாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு உண்மைகளும் பக்கத்துப் பக்கத்து அலுமாரியில் பேசாமல் இருந்தன.

அந்த அலுமாரிகளைத் திறந்து வைத்தவர் அம்பிகா காமத். ஹார்வார்டில் லோசோசின் மாணவியாக இருந்தவர். லோசோஸ் அனோல்களைப் பற்றித் தடித்த புத்தகமே எழுதியவர். தன் மாணவி, தான் உட்பட எல்லோரும் நம்பியதைக் கேள்வி கேட்க, ஆசிரியர் கூட நின்று பெயரும் போட்டிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கல்விக்கூடங்களில் இது எத்தனை தடவை நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இருவரும் 2017 இல் எழுதிய கட்டுரை ஓணானைப் பற்றியதைவிட ஓணானைப் பார்த்தவர்களைப் பற்றியது. 1933 இலிருந்து ஒவ்வொரு கட்டுரையாக எடுத்து, என்ன கண்டார்கள், என்ன எழுதினார்கள் என்று ஒப்பிட்டார்கள். ஆரம்பத் தரவுகள் மிகச் சொற்பம், முடிவுகளோ பெரியவை. பின்வந்தவர்கள் அந்த முடிவை மறுபடி பரிசோதிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் ஆய்வு செய்யும் முறையே அதற்கேற்ப அமைந்துவிட்டது. சிறு பரப்பில், குறுகிய காலத்துக்குப் பார்த்தால், அங்கேயே நிற்பவைதான் கண்ணில் படும். ஒருமுறை வந்துவிட்டு அப்பால் போனது விதிவிலக்காகிவிடும். விதிவிலக்கு அட்டவணைக்கு வராது.

மாற்றிப் பார்த்தால் என்ன தெரியும்? புளோரிடாவில் கெயின்ஸ்வில் என்ற ஊரில் காமத் பழுப்பு அனோல்களைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிற மணிகளைக் கோத்து அடையாளமிட்டார். மணியைப் பார்த்தால் தூரத்திலிருந்தே இன்னாரென்று தெரியும், பிடித்துத் தொல்லை கொடுக்கத் தேவையில்லை. (பிடிக்க இந்தத் துறையினர் வைத்திருப்பது தடி நுனியில் ஒரு சுருக்கு. எங்களுடைய ஈர்க்குத்தான்!) நிற்பவையோடு நகர்பவையையும் சேர்த்துக் கணக்கெடுத்து, குஞ்சுகளின் தகப்பன்மாரையும் மரபணுவால் கண்டுபிடித்து 2018 இல் வெளியிட்டார்கள். பெண்கள் பல ஆண்களைச் சந்திக்கின்றன, பலவற்றோடு இணைகின்றன. பெரிய உடம்புள்ள ஆண்களோடு, கூடிய பரப்பில் அலைந்து திரிந்த ஆண்களுக்கும் அதிக குஞ்சுகள்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அகதி விண்ணப்பத்துக்கான விசாரணையில், பிறந்ததிலிருந்து எங்கெங்கே வசித்தீர் என்று என்னைக் கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது எனக்கு ஏழு வயது. அங்கிருந்து தொடங்கினேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், பிறகு கிளிநொச்சிப் பக்கம் ஒரு மரத்தடிக் கொட்டில், திரும்பி வந்தால் எங்கள் வீட்டில் ஆமி, அதனால் சித்தி வீடு, பிறகு வாடகை வீடுகள் இரண்டு. எதிரே இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மொழிபெயர்த்த அண்ணர் என் பக்கம் குனிந்து, "தம்பி, நிரந்தர விலாசம் ஒண்டைச் சொல்லும். மற்றதெல்லாம் இவைக்குக் குழப்பம்" என்றார். ஒன்றைச் சொன்னேன். படிவத்தில் நான் ஒரே வீட்டில் இருபத்துச் சொச்ச வருடம் வாழ்ந்தவன். அண்ணர் கெட்டவர் அல்ல, எனக்கு உதவத்தான் சொன்னார். எதிரே இருந்தவரும் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது.

ஆகவே காமத்தின் பக்கம் சாய எனக்கு ஆசை அதிகம். அதனாலேயே எதிர்ப்பக்கத்தைக் கவனமாக வாசித்தேன். 2018 இல் புஷ், சிம்பர்லோஃப் இருவரும் அனோலுக்கு ஆள்புலம் உண்டு என்று வாதாடி எழுதினார்கள். ஒரு விலங்கு தன் எல்லைக்கு அப்பால் போய்வருவதால் அதற்கு எல்லையே இல்லை என்றாகிவிடாது என்பது எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆண்கள் சண்டை பிடிப்பது கூண்டில் பிறந்த கற்பனை அல்ல. வேலியில் நான் பார்த்திருக்கிறேன். இதைவிடக் கூர்மையானது ஸ்ராம்ப்சின் பதில். அவர் தன் தலைப்பிலேயே, செயலற்ற பெண் என்ற கட்டுக்கதை என்று குறிப்பிட்டார். ஆள்புலம் இருப்பதும் பெண் பல ஆண்களோடு சேர்வதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அப்படி மறுப்பதாகத் தோன்றியதற்குக் காரணம், நிலக்காரன் வரைந்த கோட்டுக்குள் பெண் சும்மா கிடக்கும் என்று நினைத்ததுதான். எவன்ஸ் 1936 இலேயே பெண்ணும் சண்டையிடும் என்று எழுதியிருந்தும் அது எவருடைய தலையிலும் ஏறவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சொல் பிழையா, அல்லது சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்த சொத்துடைமைப் புத்தி பிழையா? நான் இரண்டாவதன் பக்கம்.

இன்னுமொரு விடயம் இவர்கள் எல்லோரும் அறிந்ததே. புளோரிடாவில் இவ்வளவு ஆராயப்பட்ட பழுப்பு அனோல் அந்த மண்ணுக்குரியது அல்ல, கியூபாவிலும் பஹாமாசிலும் இருந்து வந்தேறியது. அது வந்தபின், அங்கே முன்பே இருந்த பச்சை அனோல் மரத்தில் மேலே ஏறி வாழத் தொடங்கியது. உயரத்து வழுவழுப்பான கொப்புகளில் பிடித்து நிற்க அதன் விரலடித் தகடுகள் பெருத்தன. அதற்கு எடுத்த காலம் ஏறக்குறைய 20 தலைமுறைகள், 15 வருடங்கள்தான் என்று 2014 இல் அளந்து காட்டினார்கள். இந்த வந்தேறிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டி 1837 இல் முதன்முதல் விபரித்த புத்தகம் பாரிசில், இங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் வேலை செய்த டுமெரில், பிப்றோன் என்ற இருவருடையது. அந்தத் தோட்டத்து வாங்கில்களில் எத்தனையோ ஞாயிறுகள் சும்மா இருந்திருக்கிறேன், இது தெரியாமல்.

சென்ற கோடையில் புதுக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு பழைய புகையிரதப் பாதைக்குப் போனேன். இம்முறை வால் அறுந்தவையையும் ஒருமுறை மட்டும் கண்டவையையும் எழுதினேன். பக்கங்கள் அலங்கோலமாகிவிட்டன. எந்த வரைபடமும் வரவில்லை. பிரான்சில் இவை சட்டத்தால் காக்கப்படும் இனம், பிடிக்கக்கூடாது. ஆகவே மணி கோக்கவும் வழியில்லை. தூணுக்குப் பக்கத்தில் ஒன்று புதுவால் முளைத்து நின்றது. நிறம் மங்கலாக, முனை கட்டையாக. முந்தின வருடம் நான் குறிக்காமல் விட்டது அதுதானா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். வெடிப்புக்குள் நுழைந்துவிட்டது. ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. கொப்பியை அப்றனுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.